வாளியில் போடாத சட்டை

போன தை மாதக் கடைசியில், இலங்கையில் கண்டிக்கு வடக்கே ஒரு மலைமேல் இருக்கிற பழைய புத்தர் கோயிலில் இது நடந்தது. கோயிலின் பெயர் வேண்டாம். அங்கே யாரும் எனக்குக் கெடுதல் செய்யவில்லை, நல்லதுதான் செய்தார்கள். அந்த நல்லதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

நான் ஆழ்வார்குறிச்சிக்காரி. சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தட்டும் கையுமாக நிற்கிற பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே பழகிய வாய், அதனால் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். நான் பேசுவதற்கும் சேர்த்து அவர் பேசாமல் இருப்பார். எங்களுக்கு ஒரே மகன். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். நாங்கள் இலங்கை போவதற்கு இரண்டு வருடம் முன்னால், ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது நாலுவழிச் சாலையில் போய்விட்டான். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை. சட்டையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. அவனுக்குக் கை நீளம். கடையில் வாங்குகிற சட்டை எதுவும் மணிக்கட்டுக்கு எட்டாது. அதனால் அம்பாசமுத்திரத்தில் ஒரு டெய்லரிடம் கொடுத்துத் தைப்பான். நல்ல பிள்ளைதான், ஆனால் ஒரு கெட்ட பழக்கம். கழற்றின துணியை அழுக்கு வாளியில் போடமாட்டான். அறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிற ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவான். நானும் சொல்லாத நாளில்லை, அவனும் கேட்ட நாளில்லை.

அன்று காலையிலும் அதே கதைதான். "எம்மா, இதுல ஒரு பட்டன் தெறிச்சுட்டு. தச்சு வையி" என்று ஆணியைக் காட்டிவிட்டு வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"மொதல்ல அழுக்குத் துணிய வாளியில போடுலே. பொறவு பட்டனப் பாப்போம்" என்றேன்.

சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்தான். நான் அவனிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. துக்கம் கழிக்கப் போகிறவர்கள் பாபநாசத்தில் தாமிரபரணியில் முங்கி எழுந்து, செத்தவர்களின் துணியை ஆற்றோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். பதினாறாம் நாள் அவனுடைய பேண்ட், சட்டை, கைலி, துண்டு எல்லாவற்றையும் சொந்தக்காரர்கள் மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனார்கள். நான் தடுக்கவில்லை, தடுக்கிற நிலையிலும் இல்லை. கூட்டமெல்லாம் போன பிறகு, சாயங்காலம் அவன் அறைக் கதவைச் சாத்தினேன். அத்தனை நாளும் ஆள் வந்து போக வசதியாகக் கதவு சுவரோடு சாய்ந்தே கிடந்திருக்கிறது. கதவுக்கும் சுவருக்கும் நடுவில் அந்தச் சட்டை யார் கண்ணிலும் படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவைச் சாத்தினதுமே வாசம் வந்தது. வியர்வையும், பெட்ரோலும், அவன் அடிக்கிற மலிவு சென்ட்டும் கலந்த வாசம். அவன்தான் அறைக்குள் வந்துவிட்டான் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன்.

முகத்தை அதில் புதைத்துக்கொள்ள எனக்கு ஆசை இருந்தது. ஆனால் பயமாகவும் இருந்தது. என் கண்ணீரும் என் முகத்து எண்ணெய்ப் பிசுக்கும் பட்டு அவன் வாசம் கெட்டுவிடுமோ என்று பயம். விரல் நுனியால் எடுத்து ஒரு பாலிதீன் கவரில் வைத்தேன். காற்றை வெளியேற்றி, வாயைச் சுருட்டி, பச்சை ரப்பர் பேண்ட் போட்டேன். பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். தாங்கவே முடியாத ஒரு நாள் வரும், அன்றைக்கு ஒரு தடவை திறந்து மோந்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டனையும் தைக்கவில்லை. தைக்க வேண்டுமென்றால் கவரைத் திறக்க வேண்டுமே.

அதன் பிறகு அந்தக் கவர்தான் என் பிள்ளை என்று ஆகிவிட்டது. ஒரு கல்யாணத்துக்குப் போனாலும் நான் ராத்தங்குவதில்லை. சொந்தக்காரப் பெண்கள், "இப்படி வீட்டுல வச்சிருக்கப்பிடாது மைனி, பாபநாசத்துல விட்டுருங்க" என்பார்கள். சொன்னவர்கள் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பாபநாசம் பஸ்ஸைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மனுஷனுக்குக் கல் மனசு என்று உள்ளுக்குள் திட்டிக்கொள்வேன். சில நாள் உள்ளுக்குள் மட்டும் இல்லை.

திருநெல்வேலியிலிருந்து ஒரு கோஷ்டி இலங்கைச் சிவன் கோயில்களுக்குப் போகிறது, நாமும் போவோம் என்று ஒரு நாள் அவராகவே வந்து சொன்னார். தென்காசி தாண்டிப் போவதற்கே யோசிக்கிற ஆள். எனக்குப் போக இஷ்டமில்லை.

"வீட்டுல அதத் தனியா விட்டுட்டு நான் எப்படி வர?" என்றேன்.

"கையோட எடுத்துட்டு வா" என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி வந்ததே எனக்கு ஆறுதலாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

மதுரை விமான நிலையத்தில் என் கைப்பையைச் சோதனை போட்ட பெண் காவலர் கவரை எடுத்து, "இது என்னம்மா?" என்றார். "எம் மகன் சட்டை" என்றேன். திறக்கச் சொன்னார். முடியாது என்றேன். பின்னால் வரிசை நிற்கிறது. அவர் குரல் உயர்ந்தது. என் குரலைப் பற்றித்தான் முன்னாலேயே சொல்லியிருக்கிறேனே. கடைசியில் கவரைப் பிடித்துக்கொண்டு, "இதத் தெறந்தா அவன் வாசம் போயிரும் தாயீ. அவன் இல்ல இப்ப" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். கவரை வெளியிலிருந்தே நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னால் அவருக்கு அவமானம் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவன் கோயில்களைப் பார்த்துவிட்டுக் கண்டிப் பக்கம் வந்தபோதுதான் அந்த மலைக்கோயில். அடிவாரத்திலேயே எங்களுக்குத் தங்குமிடம். மதியச் சாப்பாடு ஆனதும், "முட்டு வலியோட புத்தர் கோயிலுக்கு யாரு ஏறுவா" என்று மற்றவர்களெல்லாம் படுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வேன் டிரைவரும் துணைக்கு வந்தார். தேயிலைத் தோட்டத்துத் தமிழர், நாற்பது வயது இருக்கும். சிங்களமும் நன்றாகப் பேசுவார்.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. படிகளில் பாசி. வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாக ஜனங்கள் தட்டில் தாமரைப் பூ வைத்து ஏந்திக்கொண்டு சத்தமில்லாமல் ஏறினார்கள். நம் ஊர்க் கோயில் மாதிரி ஒரு கூச்சல் இல்லை, ஒரு மணிச்சத்தம் இல்லை. மேலே போனால் ஒரு பெரிய பாறை முன்னுக்குத் துருத்திக்கொண்டு நின்றது. அதன் அடியில் வரிசையாகக் குகைகள். மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்கப் பாறை நெற்றியில் நீளமாக ஒரு கோடு வெட்டியிருந்தார்கள். ராஜாக்கள் காலத்துக்கும் முந்தி துறவிகள் தங்கிய இடமாம். பக்கத்தில் பாறை ஊற்றுத் தண்ணீர் ஒரு கல் ஓடை வழியாக வந்து, மரங்களுக்குள் சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. கீழே பிக்குகள் தங்கும் மடத்தில் அது குழாய் மாதிரி கொட்டுமாம். பீலி என்று டிரைவர் சொன்னார்.

செருப்பு விடுகிற இடத்தில் குரங்குகள் உட்கார்ந்து என் கைப்பையையே பார்த்தன. என் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

"பையக் குடு. கொரங்கு பறிச்சிரும். நீ உள்ள போயிட்டு வா, நான் பொறவு பாத்துக்கிடுதேன்."

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் என் பையைக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. கொடுத்தேன்.

குகைக்குள் தேங்காய் எண்ணெய் விளக்குப் புகை. கண் பழகக் கொஞ்ச நேரமானது. பழகினதும் பார்த்தால், பாறையோடு பாறையாகப் புத்தர் படுத்திருக்கிறார். அவ்வளவு நீளம். கூரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகச் சித்திரங்கள். எனக்கு அதெல்லாம் மனதில் ஏறவில்லை. நேரே கால் பக்கம் போய் நின்றுவிட்டேன். ஏனென்று தெரியவில்லை.

டிரைவர் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு பாதமும் சமமா இருந்தா புத்தர் தூங்குறாருன்னு அர்த்தம்மா. இங்க பாருங்க, மேல் கால் கொஞ்சம் பின்னுக்கு இழுத்திருக்கு. இது உயிர் போன நேரம்."

பார்த்தேன். ஒரு பெருவிரலுக்கும் மற்ற பெருவிரலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. நம் ஊரில் இப்படி விடமாட்டார்கள். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிவிடுவார்கள். என் மகனுக்கும் கட்டினார்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், அவனுக்கு வலிக்கும் என்று நான் சத்தம் போட்டது அங்கே நின்றபோது ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை வருடமாக இந்தக் கால்களை யாரும் கட்டாமல் இப்படியே விட்டிருக்கிறார்களே என்று நினைத்தேன். அழவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். தலை, சட்டை, வேட்டி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இந்தத் தூத்தல்ல இவ்வளவா நனைஞ்சீய?"

"இல்ல. அங்கன ஓடையில தண்ணி நல்லாப் போவுது. தலைய நனைச்சிட்டு வந்தேன்."

"குத்தாலத்துக்குக் கூப்புட்டா சளி பிடிக்கும்பிய. இங்கன வந்துதான் குளிப்பாக்கும்?" என்று கேலி செய்தேன். டிரைவர்கூடச் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. பையை என் தோளில் மாட்டிவிட்டு, "பையப் பைய எறங்கு. திரும்பிப் பாக்காம வா" என்றார். படி வழுக்குகிறது, அதற்காகச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தங்குமிடத்துக்கு வந்து முகம் கழுவிவிட்டுப் பையைத் திறந்தேன். கவர் இல்லை.

முதலில் நம்பவில்லை. பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினேன். மாத்திரை, திருநீறு, பாஸ்போர்ட் எல்லாம் விழுந்தது. கவர் மட்டும் இல்லை. பெட்டியைக் கலைத்தேன். வேனுக்கு ஓடிப்போய் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் தேடினேன். "கொரங்கு எடுத்துட்டா? நீங்க பையக் கீழ வச்சீயளா?" என்று என் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இருட்டிட்டு வருது" என்று மட்டும் சொன்னார்.

மேலே போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். படி வாசலை அடைத்தாயிற்று என்று காவல்காரர் சொன்னார். டிரைவர் என் காலைத் தொடாத குறையாக, "விடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன்மா" என்று கெஞ்சித் திருப்பிக் கூட்டிவந்தார். மழை வலுத்துவிட்டது. என் பிள்ளை ஒண்டியாக மழையில் நிற்கிற மாதிரிதான் எனக்கு இருந்தது. அந்தக் குரங்கு வம்சத்தை நான் சபித்த சாபம் கொஞ்சநஞ்சம் இல்லை. என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

விடிந்ததும் மூவரும் ஏறினோம். மழை விட்டு வெயில் லேசாக அடித்தது. குகைகளுக்குப் போகும் வழியிலிருந்து கொஞ்சம் கீழே, மரங்களுக்கு நடுவில் மடம் தெரிந்தது. முற்றத்தில் கொடி கட்டி பிக்குகளின் காவித் துணிகளைக் காயப்போட்டிருந்தார்கள். அந்தக் காவிகளுக்கு நடுவில், நீலக் கட்டம் போட்ட ஒரு முழுக்கைச் சட்டை.

எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. ஈரம் காயாத அந்தச் சட்டையைக் கொடியிலிருந்து உருவி எடுத்தேன். இரண்டு வருடம் நான் செய்யாததைச் செய்தேன். சட்டையை அப்படியே முகத்தில் வைத்து அழுத்தி மூச்சை இழுத்தேன்.

சோப்பு வாசம். ஈரமும் சோப்பும். வேறு ஒன்றும் இல்லை.

திரும்பத் திரும்ப மோந்தேன். கக்கத்தில் மோந்தேன். கழுத்துப் பட்டையில் மோந்தேன். கையை உள்ளே விட்டு வெளிப்பக்கம் திருப்பி மோந்தேன். அதன்பிறகு என்னிடமிருந்து வந்த சத்தம் என்னுடையது மாதிரியே இல்லை.

மடத்துக்குள்ளிருந்து ஒரு பிக்கு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னையும் சட்டையையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தேடி வருவார்கள் என்று காத்திருந்த முகம். கையை ஆட்டி ஆட்டி டிரைவரிடம் என்னவோ சொன்னார். டிரைவர் எனக்குத் தமிழில் சொன்னார். பிக்குவை அங்கே ஹாமுதுரு என்கிறார்கள்.

"நேத்து சாயங்காலம் பீலியில தண்ணி வரலையாம். ஓடையில போய்ப் பார்த்தா இந்தச் சட்டை மாட்டிக்கிட்டு அடைச்சிருந்துச்சாம். வேண்டாம்னு விட்ட துணியா இருந்தா ஹாமுதுருமார் எடுத்து அலசித் தைச்சுக்குவாங்களாம், அது அவங்க பழக்கமாம். ஆனா காலர்ல தமிழ் எழுத்து இருக்கவும், நேத்து வந்த தமிழ் ஆளுங்க கைதவறி விட்டிருப்பாங்கன்னு நெனச்சாராம்."

காலரைத் திருப்பிப் பார்த்தேன். டெய்லரின் துணி வில்லையில் 'அம்பாசமுத்திரம்' என்று இருந்தது.

"ஒரே சேறாம்மா. அதோட, கழுத்துப் பக்கத்து அழுக்கு எவ்வளவு தேய்ச்சும் போகலையாம். ராத்திரி ஊற வெச்சு, காலைல திரும்பவும் சோப்புப் போட்டுத் தேய்ச்சாராம். ஒரு பட்டன் இல்லாம இருந்துச்சாம். அதையும் தைச்சிருக்காராம்."

இரண்டாவது பட்டன். மற்றதெல்லாம் நீலம், அது மட்டும் வெள்ளை. நான் தைத்திருந்தால்கூட அவ்வளவு அழுத்தமாகத் தைத்திருக்க மாட்டேன்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்குப் பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"கொரங்கு எடுக்கல. நாந்தான் தண்ணியில விட்டேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். டிரைவர் மெல்ல நகர்ந்து கொடிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"முங்கிட்டு, கவரப் பிரிச்சு, நம்ம ஊருல விடுத மாதிரியே சட்டைய விட்டேன். பாபநாசத்துக்கும் ஒருநா கொண்டுட்டுப் போனேன், நீ கலியாண வீட்டுக்குப் போயிருந்தப்போ. அங்கன ஆத்துல கெடக்க துணியெல்லாம் வாரி வாரிக் கரையில குமிச்சு வச்சிருக்கான். யாரு சேலையோ, யாரு வேட்டியோ. அதுக்குள்ள இவன் சட்டை கெடக்கணுமான்னு திருப்பிக் கொண்டாந்துட்டேன். இங்கன தண்ணி மரத்துக்குள்ள போச்சு. கண்ணுக்குத் தெரியாம எங்கயாச்சும் போயிரும்னு நெனச்சேன்."

"எதுக்கு? எதுக்கு விட்டீய? உங்கள நான் என்ன கேட்டேன்? அவன் வாசம் ஒண்ணத்தானே வச்சிருந்தேன்!"

"வாசம் இல்லளா அதுல." அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். "அது போயி வருசம் ஆச்சு. நீ கடைக்குப் போகும்போதெல்லாம் நான் எடுத்துத் தெறந்து பாப்பேன். மொதல்ல நல்லா இருந்துச்சு. பொறவு கொறைஞ்சுட்டே வந்துச்சு. ஒருநா தெறந்தா பிளாஸ்டிக் வாசம்தான் வருது. அன்னையிலேர்ந்து எனக்கு ஒரே பயம். நீ என்னைக்காச்சும் தெறந்துருவியோ, தெறந்தா தாங்கமாட்டியேன்னு."

எனக்கு அப்போது வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? எழுந்து அவர் மார்பில் கைவைத்துத் தள்ளினேன். "பூராத்தையும் நீங்களே மோந்து தீத்துட்டீயளா? எனக்குன்னு கொஞ்சம் வைக்கணும்னு தோணலயா?" என்று கத்தினேன். அந்த அமைதியான மலையில் அப்படி ஒரு கத்தல் அதற்கு முன் கேட்டிருக்காது. அவர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். "எனக்கும் அவந்தானளா மகன்" என்றார்.

இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அது எனக்குத் தோன்றவில்லை. முன்பு ஊரில் ஒரு நாள், பீரோவில் அந்தக் கவரின் மேல் பச்சை ரப்பர் பேண்டுக்குப் பதிலாகச் சிவப்பு ரப்பர் பேண்ட் இருந்ததைப் பார்த்திருந்தேன். நானேதான் மாற்றியிருப்பேன், எனக்குத்தான் ஞாபகம் தப்பிவிட்டது என்று அப்போது பீரோவைச் சாத்திவிட்டேன். மலையில் அந்தச் சிவப்பு ரப்பர் பேண்ட் என் கண்முன்னால் வந்தது.

பிக்குவுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. அவர் முகத்திலிருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. உள்ளே போய், ஒரு கோப்பையில் பால் இல்லாத தேநீரும், கையில் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நம் பனங்கருப்பட்டி மாதிரி இல்லை, அது வேறு மரத்துக் கருப்பட்டி. டிரைவரிடம் தாழ்ந்த குரலில் என்னவோ கேட்டார்.

டிரைவர் தயங்கினார். "ஏன் அழறீங்கன்னு கேக்குறாரும்மா. தான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனான்னு கேக்குறார். என்னன்னு சொல்லட்டும்?"

நான் அந்தப் பிக்குவின் கைகளைப் பார்த்தேன். குளிரில் துணி துவைத்த கை. விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. எவள் பெற்ற பிள்ளையின் அழுக்கையோ இரவும் காலையும் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். நான் தேய்க்க வேண்டிய அழுக்கு அது. அவரிடம் போய், ஐயா, நீங்கள் என் பிள்ளையைக் கழுவித் தண்ணீரோடு விட்டுவிட்டீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

"சந்தோசத்துல அழுதேன்னு சொல்லுப்பா" என்றேன். "தொலைஞ்சது கெடைச்சிட்டு, அதான்னு சொல்லு."

டிரைவர் சொன்னார். பிக்கு நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். நான் அந்தத் தேநீரை முழுக்கக் குடித்தேன். பாதிக் கருப்பட்டியை ஒடித்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார், தின்னவில்லை. ஊருக்கு வந்து அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது அது பைக்குள் உருகி ஒட்டியிருந்தது.

அன்றைக்குப் படி இறங்கும்போது நான் பத்து அடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். கொடியில் காவித் துணிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. அவர் என்னைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லவில்லை.

சட்டையை இப்போது கவரில் வைப்பதில்லை. வைத்து என்ன காப்பாற்றப் போகிறேன்? அவன் மாட்டிய அதே ஆணியில், கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. சில மத்தியான வேளையில் என் வீட்டுக்காரர் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். முன்பென்றால் என்ன செய்யுதிய என்று கேட்டிருப்பேன். இப்போது அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு இருந்துவிடுகிறேன்.

வாசம் போய் வருடமாகிவிட்டது என்று அவர் சொன்னது உண்மையா, என் மனம் ஆறட்டும் என்று அந்த நேரத்துக்குச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. கேட்டும் பயனில்லை. பிக்குவிடம் நான் என்ன சொல்லச் சொன்னேன் என்பதைப் பக்கத்தில் நின்று கேட்டவர் அவர். அந்த மாதிரி மனம் நோகாத ஒரு பதிலைத்தான் எனக்கும் சொல்வார். சட்டையைத் துவைத்தவரையும் சரி, தண்ணீரில் விட்டவரையும் சரி, என்னால் குறை சொல்ல முடியவில்லை. தாங்கவே முடியாத ஒரு நாள் வரும், அன்றைக்குத் திறக்கலாம் என்று வைத்திருந்தேனே, அந்த இரண்டு வருடத்தில் தாங்க முடிந்த நாள் என்று எது இருந்தது? ஏதாவது ஒரு நாள் அந்த ரப்பர் பேண்டைக் கழற்றியிருக்கலாம்.